நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று ரேம் வாங்காதீர்கள்

"16 ஜிபி ஸ்டிக் ரெண்டு இருக்கு. அதே மாடல்ல இன்னும் ரெண்டு போட்டா 64 ஆயிடும்ல?" என்று நண்பன் கேட்டான். ஆகும், ஆனால் போடாதே என்றேன். அவனிடம் இருக்கும் அதே பி650 மதர்போர்டையும் ரைசன் 5 7600 பிராசஸரையும் நானும் ரொம்ப நாளாக வைத்திருக்கிறேன்.

இரண்டு ஸ்டிக்கோடு இந்த போர்டு தங்கம். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போவை ஆன் செய்ததோடு சரி, 6000 வேகத்தில் ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. வீடியோ எடிட்டிங்குக்காக அதே மாடல் எண்ணில் இன்னொரு ஜோடியை மாட்டியதும்தான் தொல்லை ஆரம்பித்தது. ரேமில் சிக்கல் என்று காட்டும் டிராம் விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. முதல் தடவை, புது ரேமுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் தன்னைச் சரிசெய்துகொள்ளும் மெமரி டிரெயினிங்குக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதால் பொறுமையாகக் காத்திருந்தேன். பயனில்லை. எக்ஸ்போவை அணைத்த பிறகுதான் பூட் ஆனது, அதுவும் 3600-இல்! இந்த ரேம் வகையான டிடிஆர்5-இன் சாதாரண 4800 கூட இல்லை.

ரேமில் பழுது இல்லை. இந்த பிராசஸருக்கு அதன் கம்பெனியான ஏஎம்டி தருகிற கணக்கே அதுதான்: இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. ரேமை இயக்கும் மெமரி கண்ட்ரோலர் இருப்பது பிராசஸருக்குள். ஸ்லாட் நான்கானாலும் அங்கிருந்து ரேமுக்குப் போகும் பாதை, அதாவது சேனல், இரண்டுதான். ஒரே சேனலில் இரண்டு ஸ்டிக் தொங்கினால் சிக்னல் கலங்கும், வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். எக்ஸ்போவின் 6000 என்பது ஓவர்கிளாக், அதாவது கம்பெனி கணக்கைத் தாண்டி ஓட்டுவது, அதுவும் அந்த ஒரு ஜோடியைச் சேர்த்துச் சோதித்துக் கொடுத்தது. மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் அடுத்த ஜோடிக்குள் வேறு சிப் இருக்கலாம்.

எனக்குக் கோபம் போர்டின் அட்டைப்பெட்டி மேல்தான். '6400+' என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்களுக்கு, நான்கு ஸ்டிக்குக்கான எண்ணைப் பக்கத்திலேயே போட என்ன தடை? புதிய பயாஸில் நான்கையும் 6000-இல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதை நம்பிக் காசைப் போட முடியாது.

வெயில் காலத்திலும் அசராத போர்டு, பிராசஸரே இல்லாமல் பயாஸ் ஏற்றலாம், குறை சொல்ல வேறொன்றும் இல்லை. ஆனாலும் இன்னொரு முறை இதை வாங்க மாட்டேன். இரண்டே ஸ்லாட் உள்ள போர்டு எனக்குப் போதும்.

64 வேண்டுமென்றால் பழைய ஜோடியை விற்றுவிட்டு, ஒரே பேக்கில் வரும் 32 ஜிபி ஜோடியாக வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, வலிக்கத்தான் செய்யும். வாங்கும் முன் போர்டு கம்பெனியின் மெமரி பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டுங்கள்.