அடகுக் கடையா, ஏகேபிகேயா?

கிரெடிட் கார்டு கடன் கழுத்தை நெரிக்கும்போது கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அடகுக் கடைதான். சங்கிலியைக் கொடுத்தால் கையோடு பணம். ஆனால் சட்டப்படி அங்கே மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம், ஆண்டுக்கு 24. கார்டுக்கே உச்சம் 18தான்! ஆறு மாதத்தில் மீட்காவிட்டால் நகையும் போகலாம்.

மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகேயில் ஆலோசனை இலவசம். வங்கிகளோடு பேசி, சம்பளத்துக்கு ஏற்ற மாதத் தவணை போட்டுத் தருவார்கள். அந்தத் தவணைத் திட்டத்தில் இருக்கும்வரை புதுக் கடன் வாங்க முடியாது; என்னைக் கேட்டால் அதுவே பாதி மருந்து. "மானம் போகுமே" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங் வாசலில் வந்து நிற்பதைவிடவா? (அந்தக் கடனுக்கு ஏகேபிகே உதவாது.)

அடுத்த மாதமே பணம் வருவது உறுதியென்றால் மட்டும் அடகு சரி.