லோயர் ஆர்ம் புஷ் மாற்றக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

லோயர் ஆர்ம் என்பது முன்சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை. அது சட்டத்தோடு சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர்தான் புஷ். என்னுடையது 2006 சான்ட்ரோ கார். அப்பா ஆசையாக வாங்கிய வண்டி. சேரன்மகாதேவி ரோட்டில் வேகத்தடை ஏறி இறங்கினால் முன்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம் வந்தது. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது.

பாளையங்கோட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "லோயர் ஆர்ம் புஷ் ரெண்டு பக்கமும் போயிட்டு அண்ணாச்சி. கம்பெனி சாமானே போட்டுத் தாரேன்" என்றார். சாமான், கூலி, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் சேர்த்து 5,200 ரூபாய். சாயங்காலம் வண்டியை எடுத்தபோது சத்தம் இல்லை. நம்பிவிட்டேன்.

மூன்றாம் வாரமே சத்தம் திரும்பிவிட்டது. ஊரில் கோயில் கொடை, அந்த அலைச்சலில் விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் இடது முன் டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையாகிவிட்டது.

அம்பையில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வண்டியைத் தூக்கியதும் இடது ஆர்ம் போல்ட்டைத்தான் முதலில் காட்டினார். வருஷக்கணக்கான துருவும் சேறும் அப்படியே இருந்தன. ஆர்மைக் கழற்றி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தித்தான் புஷ் மாற்ற முடியும். அந்தப் போல்ட்டில் ஸ்பானரே படவில்லை! வெடித்துப்போன பழைய ரப்பரில் கிரீஸை அப்பி, மேலே கருப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கிரீஸ் பட்டால் ரப்பர் ஊறி இன்னும் சீக்கிரம் கெடும்.

வலதுபக்கம் புதுப் புஷ்தான். அதுவும் கிழிந்திருந்தது. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் எப்போதும் திருகியபடியே நிற்கும். பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. அம்பைக்காரர் அப்படித்தான் செய்தார், நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அலைன்மென்ட் ரிப்போர்ட் தாளும் கைக்கு வந்தது. முதல் இடத்தில் அந்தத் தாளை நான் கேட்கவே இல்லை.

பழைய புஷ்ஷோடு பாளையங்கோட்டைக்குத் திரும்பப் போனேன். "இது எங்க கடையில போட்டதுன்னு என்ன சாட்சி?" என்று கேட்டுவிட்டார். என்னிடம் இருந்தது 'புஷ் வேலை 5,200' என்று எழுதிய துண்டுச் சீட்டு மட்டும். கடைப் பெயர்கூட அதில் இல்லை. பணமும் ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் புகார்க் கட்டணமும் கிடையாது. ஆனால் எதைக் காட்டுவது? தயவுசெய்து பில் வாங்குங்கள். வண்டியை விடும்முன் பழைய புஷ்ஷில் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து, கழற்றியதைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கருப்புப் புஷ் என் டிக்கியில்தான் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்றால் கேளுங்கள், காட்டுகிறேன்.