வாத்துக் காயத்துக்கு வாங்கியவை: சலைன் பாட்டிலுக்குத்தான் முதல் இடம்

வாத்துக்குக் காயம் என்றால் மருந்துக்கடையில் முதலில் கேட்க வேண்டியது களிம்பு இல்லை, நார்மல் சலைன். ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றுகிறார்களே, அதே 0.9 சதவீத உப்புநீர். எங்கள் வாத்து ராணியை நாய் கடித்தபோது ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள், சிலர் கையோடு கொண்டுவந்தும் கொடுத்தார்கள். அதில் எது உதவியது, எதைத் தொடவே கூடாது என்று எழுதுகிறேன். மன்னார்குடிப் பக்கம் கொல்லையில் நாலைந்து வாத்து வைத்திருக்கும் வீடுகள் நிறைய. மாட்டுக்கு, ஆட்டுக்கு என்றால் சொல்ல ஆள் இருக்கிறது. வாத்துக்கு அப்படி இல்லை.

ராணி காக்கி கேம்ப்பெல் வகை. காயம் முதுகின் பின்பக்கம், வாலுக்குச் சற்று மேலே. தோல் கிழிந்து ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது, சதை தெரிந்தது. இறகெல்லாம் ரத்தமும் வயல் சேறும் சேர்ந்து கட்டிப் போயிருந்தன. அன்றைக்கே கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டார். பல் உடம்புக்குள் இறங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். கடித்த காயத்தைத் தைத்து மூடினால் கிருமி உள்ளேயே தங்கிவிடும், திறந்தே ஆறட்டும் என்றார். அதற்கப்புறம்தான் வீட்டு வைத்தியம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

சரி, சலைன். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிற்க வைத்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் சுடாத பதத்துக்குக் கொண்டுவந்தேன். 20 மில்லி சிரிஞ்சில் ஏற்றி, ஊசியைக் கழற்றிவிட்டு, காயத்தின் மேல் சாய்வாகப் பீய்ச்ச வேண்டும். முதல் இரண்டு சிரிஞ்சுக்குச் சேறுதான் வந்தது. அப்புறம் உறைந்த ரத்தம், ஒரு நெல் உமி, இறகுத் துணுக்கு. எல்லாம் போன பிறகுதான் காயம் எவ்வளவு பெரிது, எங்கே ஆழம் என்றே புரிந்தது. பஞ்சால் துடைத்திருந்தால் இந்தச் சுத்தம் வராது, பஞ்சு இழையும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். உப்புநீர் எரியாது என்பதால் ராணி துள்ளவும் இல்லை. கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாங்கும்போது 500 மில்லி பாட்டில் லாபம் என்று தோன்றும். சலைனில் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் கிடையாது, திறந்தால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். அதனால் எனக்கு 100 மில்லி பாட்டில்கள்தான் சரிப்பட்டன. நடு ராத்திரியில் கடை இல்லை என்றால், கொதிக்க வைத்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தலைதட்டிய டீஸ்பூன் உப்பு. கிட்டத்தட்ட அதே அளவு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பீய்ச்சுவது மேல்தோல் காயத்துக்கு மட்டும். பறவைக்கு நுரையீரலோடு சேர்ந்து உடம்புக்குள் காற்றுப்பைகள் இருக்கின்றன. சின்ன ஓட்டையாகத் தெரிகிற பல் குத்து அதுவரை போயிருந்தால், நாம் அடிக்கும் தண்ணீர் மூச்சுக்குள் போய்விடும். விலாவிலோ வயிற்றிலோ ஓட்டை இருந்தால் சிரிஞ்சையே எடுக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

இரண்டாவது, பீட்டாடின். போவிடோன் அயோடின் 5 சதவீதக் கரைசல். நல்ல மருந்து, ஆனால் பாட்டிலில் இருக்கிறபடியே ஊற்றக் கூடாது, புதுச்சதையை அரிக்கும். 5 மில்லி மருந்துக்கு 50 மில்லி சலைன் என்று கலந்தால் பால் விடாத இளம் டீயின் நிறம் வரும், அந்த நிறம்தான் அடையாளம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்க வேண்டும். நிறம் வெளுத்துவிட்டால் அயோடின் தீர்ந்துவிட்டது என்று பொருள். கடையில் ஸ்க்ரப் என்று அச்சடித்த பாட்டிலும் அதே வரிசையில் நிற்கும். அது சோப்பு கலந்தது, டாக்டர்கள் கை கழுவுவது. காயத்துக்கு ஆகாது.

மூன்றாவது, சில்வர் சல்ஃபாடயசின் 1 சதவீதக் களிம்பு. தீக்காயத்துக்குக் கொடுக்கும் வெள்ளைக் களிம்பு. மருத்துவர் இதை எழுதிக் கொடுத்த காரணம் எனக்குப் பிடித்தது: நீரில் கரையும், எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. மெல்லிசாகத் தடவி, மறுவேளை சலைன் அடித்தால் பழைய களிம்பு சுத்தமாகக் கழன்று வந்துவிடும். காலை ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. வாத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது என்பதை எவ்வளவு சொன்னாலும் போதாது. எங்கள் அத்தை ஆடு மாடு வளர்த்த அனுபவத்தில், "வேப்பெண்ணெயில மஞ்சளைக் குழைச்சுப் போடும்மா, புழு வைக்காது" என்றார். மாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். வாத்தின் இறகு ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் நிற்கிறது. வெளி எண்ணெய் பட்டால் அந்தக் கோப்பு குலைந்து உடம்பு நனைந்துவிடும், குளிரில் சுருண்டுவிடும். "அப்படின்னா வேணாம்மா, அது நீந்தணுமே" என்று அத்தையே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேண்டவே வேண்டாம் என்று நான் ஒதுக்கியவற்றில் முதலாவது, மாட்டுப் புண்ணில் புழு வைக்காமல் இருக்கத் தூவும் தூள். கொண்டுவந்தவர் நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார். டப்பாவின் பின்பக்கம் கூமாஃபாஸ், புரோபாக்சர் என்று இருந்தது. இரண்டும் நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லிகள், பறவைகளுக்கு இந்த வகை நஞ்சு மிகச் சீக்கிரம் ஏறும். வாத்து நாள் முழுக்க அலகால் இறகைக் கோதிக்கொண்டே இருக்கும் ஜீவன். முதுகில் தூவினால் வாயில் போட்டதுபோலத்தான். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்ஸைடு இரண்டும் கிருமியோடு நல்ல சதையையும் கெடுப்பவை. மரத்துப்போகச் செய்யும் களிம்புகளும் பறவைக்கு ஆபத்து.

வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கொடுத்த மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்து, இந்தியாவில் அந்த இனமே அழியும் நிலைக்குப் போனது. அதனால்தான் 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். கழுகுகளுக்குப் பாதுகாப்பானது என்று பரிசோதித்து மாற்றாகச் சொன்னது மெலாக்ஸிகாம். ராணிக்கும் மருத்துவர் அதைத்தான் எடை பார்த்து, அளவு எழுதிக் கொடுத்தார். நாமாக எதையும் கொடுக்கக் கூடாது.

மருந்தைவிடப் பிடிக்கிற விதம் முக்கியம். வாத்துக்கு நமக்குள்ள உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சுக்கு உதவும் தசை, கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பயத்தில் இறுக்கி அணைத்தால் மூச்சு நின்றுவிடும். பருத்தித் துண்டில் இறக்கையோடு தளர்வாகச் சுற்றி மடியில் வைத்து, அத்தை பிடித்துக்கொள்வார், நான் வேலையைப் பார்ப்பேன். காலைப் பிடித்துத் தூக்குவதே கூடாது. காயத்தைச் சுற்றி உள்ள இறகை முனை மழுங்கிய கத்தரியால் வெட்ட வேண்டும், பிடுங்கினால் கிழிந்த தோல் இன்னும் கிழியும். இதில் ஒன்று கவனித்தேன். நாய் பிடுங்கிய இடத்தில் முளை இறகு சீக்கிரமே எட்டிப் பார்த்தது. நாங்கள் வெட்டிய அடிக்குச்சிகள் அப்படியே நின்றன, அவை அடுத்த இறகுதிர்வில்தான் மாறும்.

தங்க இடம் பஞ்சாரம். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வந்துவிடும் என்பதால் மேலே கொசுவலையைப் போர்த்திக் கல் வைத்தோம். கீழே பழைய வேட்டி, தினமும் மாற்றினோம். நனைந்த வைக்கோலில் பூஞ்சை பிடிக்கும், அது வாத்தின் நுரையீரலுக்குக் கேடு. குட்டைக்கு விடவில்லை. ஆனால் கண்ணும் மூக்கும் கழுவிக்கொள்ளத் தலை முங்கும் ஆழத்துக்கு ஒரு வாளியில் தண்ணீர் வைத்தோம். ஆண் வாத்து முதுகில் ஏறும், அதனால் அதைத் தனியாக விட்டுவிட்டு, கூட மேயும் பெட்டையைப் பக்கத்தில் கட்டினோம். துணை கண்ணில் பட்டதும் ராணி ஊறிய நெல்லையும் நத்தையையும் தின்ன ஆரம்பித்தாள்.

பறவைக்குச் சீழ் நமக்கு வருவதுபோல வழியாது, கெட்டியாக மஞ்சள் கட்டியாக நிற்கும். ஈரமில்லையே, காய்ந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஆறுகிற காயம் சிவப்பாக, சிறுமணி சிறுமணியாக நிறையும், நாற்றம் இருக்காது. கெட்டிக் கட்டி, நாற்றம், புழு, வாயைத் திறந்து மூச்சு, தொங்கும் இறக்கை, இவற்றில் எதைப் பார்த்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். பூனை கடித்தது என்றால் கீறல் சின்னதாக இருந்தாலும் அன்றே ஊசி வேண்டும், அதன் வாய்க் கிருமி பறவையைச் சீக்கிரம் சாய்த்துவிடும். ஊசி போட்ட காலத்து முட்டைகளை, மருத்துவர் சொன்ன நாள் வரை நாங்கள் யாரும் சாப்பிடவில்லை, விற்கவும் இல்லை.

கடையில் கேட்கும்போது நார்மல் சலைனை என்.எஸ். என்று கேளுங்கள். அவசரத்தில் டி.என்.எஸ். எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அது குளுக்கோஸ் கலந்தது, காயத்தில் விட்டால் கிருமிக்குத் தீனி. லேபிளில் சோடியம் குளோரைடு 0.9 சதவீதம் என்று மட்டும் இருக்க வேண்டும். தேதியையும் பார்த்து, கூடவே 20 மில்லி சிரிஞ்சு இரண்டு வாங்கி வாருங்கள்.