எல்எஸ் இணைப்பா, ஜேஜே இணைப்பா?

பல எலக்ட்ரான் அணுக்களின் நுண்கட்டமைப்புக் கணக்கில் (ஆற்றல் மட்டங்களின் சிறு பிளவுகளைக் காணும் கணக்கு), கோண உந்தங்களைக் கூட்டும் எல்எஸ், ஜேஜே என்ற இரு வழிகளில் எதில் போவது என்று எம்.எஸ்சி. மாணவர்கள் பலரும் தடுமாறுகிறார்கள். கார்பனையும் ஈயத்தையும் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் வெளிக்கூட்டில் இரண்டு பி எலக்ட்ரான்கள்.

கூட்டும் வரிசை
எல்எஸ்: எலக்ட்ரான்களின் சுற்றுப்பாதைக் கோண உந்தங்கள் தனியாக, ஸ்பின்கள் (தற்சுழற்சி உந்தங்கள்) தனியாக, கடைசியில் இரண்டும் சேர்ந்து ஜே, அதாவது மொத்தக் கோண உந்தம்.
ஜேஜே: ஒவ்வொரு எலக்ட்ரானின் சுற்றுப்பாதை உந்தமும் முதலில் தன் ஸ்பின்னோடு சேரும், அப்புறம்தான் மற்றதோடு.

அளவீட்டோடு பொருத்தம்
கார்பன்: அடிமட்ட மும்மை (நெருங்கி நிற்கும் மூன்று ஆற்றல் மட்டங்கள்) 0, 16, 43 செ.மீ.⁻¹; அடுத்த மட்டம் சுமார் 10,193-இல். பிளவு அவ்வளவு சிறியது, எல்எஸ் கச்சிதம்.
ஈயத்தின் மட்டங்கள், அதே அலகில்: 0, 7,819, 10,650, 21,458, 29,467. ஒன்று, இரண்டு, இரண்டு என்று பிரிந்து நிற்கிறது, ஜேஜே சொல்வதுபோலவே. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

லாண்டே இடைவெளி விதி
மும்மையின் மேல் இடைவெளி கீழ் இடைவெளியைப் போல் 2 மடங்கு இருக்க வேண்டும். கார்பனில் சுமார் 1.6, ஈயத்தில் வெறும் 0.36.

எளிமை
எல்எஸ்தான். பாடப்புத்தகக் குறியீடுகளும், எந்த மட்டத்திலிருந்து எதற்குத் தாவலாம் என்று சொல்லும் தேர்வு விதிகளும் பெரும்பாலும் அதில்தான்.

சரி, எதை எடுப்பது? லேசான அணுக்களின் தாழ்மட்டங்களுக்குத் தயங்காமல் எல்எஸ். ஈயம் போன்ற கனமானவற்றுக்கு ஜேஜே. ஜெர்மானியம் போல நடுவில் இருப்பவற்றுக்கு இரண்டும் தோராயமே. அங்கே எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கம், ஸ்பின்-சுற்றுப்பாதை இணைப்பு ஆகிய இரு விளைவுகளையும் ஒரே அணியில் (மேட்ரிக்ஸில்) போட்டுத் தீர்ப்பதுதான் நேர்மையான கணக்கு.