புலியாவா, கலாப்ரியாவா?

தென் இத்தாலியக் கடற்கரைக்கு ஒரு வாரம்தான் ஒதுக்க முடியும் என்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். பூட்ஸ் போலத் தெரியும் இத்தாலி வரைபடத்தில் குதிகால் பகுதி புலியா மாநிலம், கால்விரல் பகுதி கலாப்ரியா மாநிலம்.

நிலம்: புலியா பெரும்பாலும் சமதளம், சுண்ணாம்புக்கல்லும் ஆலிவ் தோப்பும். கலாப்ரியாவில் கடலை ஒட்டியே மலை எழுந்துவிடுகிறது.

போக்குவரத்து: புலியாவின் தலைநகர் பாரியில் இறங்கினால் பொலிஞ்ஞானோ, மொனோபோலி போன்ற கடலோர ஊர்கள் எல்லாம் ரயிலிலேயே முடியும். கலாப்ரியாவின் கடலோர ஊர் த்ரோபேயாவுக்கும் ரயில் உண்டு. ஆனால் கலாப்ரிய மலையூர்களுக்கு கார் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான்.

செலவு: கலாப்ரியா பொதுவாக மலிவு. ஆகஸ்டில் இரண்டுமே வேண்டாம்.

பிழைப்பு: புலியாவின் ஆலிவ் மரங்களை 2013இல் கண்டறியப்பட்ட சைலெல்லா பாக்டீரியா சூறையாடியது, அதன் தென்கோடியான சாலென்டோவில் பட்டுப்போன மரங்களைப் பார்த்தால் வயிறு எரியும். கலாப்ரியாவில் பெர்கமோட் என்ற நறுமண எலுமிச்சை வகை, சிவப்பு வெங்காயம், ஜோயா தௌரோ துறைமுகம் எல்லாம் இருந்தும் வருமானம் குறைவு. இளைஞர்கள் வடக்கே போய்விடுகிறார்கள்.

காட்சி: புலியாவில் அல்பெரோபெல்லோ ஊரின் கூம்புக்கூரை வீடுகள் சாந்தே இல்லாமல் அடுக்கியவை, 1996 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். இன்று பாதி வீடுகள் கடைகளோ என்று தோன்றும். கலாப்ரியாவின் ரெஜ்ஜோ நகர அருங்காட்சியகத்திலோ, 1972இல் கடலடியில் கிடைத்த இரு கிரேக்க வெண்கல வீரர்கள். ஒருவரின் செம்பு உதடுகளுக்கிடையே வெள்ளிப் பற்கள் தெரிகின்றன. அதற்காகவே போகலாம்.

குழந்தைகளோடு, கார் ஓட்டாமல் போகிறவர்களுக்குப் புலியா. கார் ஓட்டத் தெரிந்து, கூட்டம் பிடிக்காதவர்களுக்குக் கலாப்ரியா. செப்டம்பரில் போங்கள், கடல்நீர் அப்போதும் இதமாக இருக்கும்.