முகப்பருவுக்கு எது: பென்சாயில் பெராக்சைடா, அடாபலீனா?

இரண்டும் தோலில் பூசும் மருந்துகள். சிவந்து சீழ் கட்டும் பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு ஏற்றது, கிருமியைக் கொல்லும். 2.5 சதவீதமே போதும், 10 சதவீதம் எரிச்சலைத்தான் கூட்டும். துவாய், தலையணை உறை எல்லாவற்றையும் வெளுக்க வைத்துவிடும். வெள்ளைத் துணி வைத்திருப்பவர் தப்பினார்.

மீண்டும் மீண்டும் வருகிற பருவுக்கு என் தெரிவு 0.1 சதவீத அடாபலீன். தோலின் துளைகள் அடைபடுவதையே அது தடுக்கிறது. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். தொடக்கத்தில் தோல் உரியும். சவர்க்காரம் நுரைக்காத யாழ்ப்பாணத்துச் சுண்ணக் கிணற்றுநீரும் தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றும் சேர்ந்தால் வறட்சி இன்னும் கூடும். அதனால் முதலில் ஒன்றுவிட்ட இரவுகளில் மட்டும், முழு முகத்துக்கும் பட்டாணி அளவு பூசி, மேலே வாசனையற்ற ஈரப்பதக் கிரீம் தடவலாம். பகலில் சைக்கிள் ஓடுபவர்களுக்குச் சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பிணிகள் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும்.