ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்றால் உடனே இன்ஜினைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள்

வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாததால் எட்டு மாதம் எங்கள் பழைய பெட்ரோல் காரை நான் எடுக்கவே இல்லை. மறுபடி ஸ்டார்ட் செய்த அன்று வண்டி முழுக்க நடுங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏர் ஃபில்டர் பக்கம் பட் பட்டென்று வெடித்தது. நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை என்பது எனக்கே தெரிந்தது. கையில் இருந்த பணமோ மருத்துவச் செலவு போக மிஞ்சியதுதான்.

நான் போன பட்டறைக்காரர் வண்டியை மூன்று தடவை ரேஸ் செய்தார். சைலன்சரில் கை வைத்துப் பார்த்தார். "ரிங் போச்சு சார். இன்ஜினை இறக்கி போரிங் அடிச்சு பிஸ்டன் செட் மாத்தணும்" என்றார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருந்து, காற்று கீழே கசியாமல் தடுக்கும் வளையம்; போரிங் என்பது சிலிண்டரின் உட்சுவரைக் கடைவது. மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு பிளக்கைக்கூட அவர் கழற்றவில்லை. அவ்வளவு பணம் இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தி, "சரி, போரிங் வேணாம். ரிங் மட்டும் மாத்தி, ஹெட்டைக் கழட்டி வால்வையும் பார்த்துடறேன். உங்களுக்காகச் செய்யறேன்" என்றார். ஹெட் என்பது சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகளைத் தாங்கும் மூடி. "உங்களுக்காக" என்ற அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். முன்பணம் கொடுத்தேன், ரசீது கேட்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து வண்டி வந்தது, நடுக்கம் அப்படியே இருந்தது. "புது ரிங் சார், செட்டாக ஆயிரம் கிலோமீட்டர் ஓடணும்" என்றார். கழற்றிய பழைய ரிங் என்று ஒரு பையையும் கையில் கொடுத்தார். மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். புது ரிங் படிய நாளாகும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக ஒரு சிலிண்டர் அடியோடு அடிக்காமல் இருக்காது. இது அன்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். அதுவே பெரிய தப்பு. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தது. பயந்துபோய் இன்னொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதானவர், தனியாகவே வேலை பார்ப்பவர்.

அவர் முதலில் நான்கு பிளக்கையும் கழற்றி கம்ப்ரஷன் கேஜ், அதாவது பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் மானி, வைத்தார். மூன்று சிலிண்டரில் 150 psiக்கு மேல் காட்டியது. இரண்டாவதில் முள் 20ஐத் தாண்டவில்லை. அதற்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். முள் அசையவில்லை. "தம்பி, ரிங் தேஞ்சிருந்தா ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் ஏறணும். ஏறலைன்னா காத்து மேல போகுது, வால்வு மூடலை" என்றார். கால் மணி நேரத்தில் முடிந்த சோதனை இது.

பிறகு டப்பெட் கவரை (ஹெட்டின் மேல்மூடியை)த் திறந்து என்னைக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னார். இரண்டாவது சிலிண்டரின் இன்டேக் வால்வுத் தண்டு மட்டும் பக்கத்துத் தண்டுகளைவிடக் கீழே இறங்கி நின்றது. அதை அழுத்தித் திறக்கும் கையான ராக்கர் தொட்டால் லொட லொடவென்று ஆடியது. நின்ற வண்டியில் பழைய பெட்ரோல் பிசினும் கார்பனும் தண்டில் இறுகி, வால்வு, தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது.

அதைவிட என் வயிற்றைக் கலக்கியது வேறு. ஹெட் போல்ட்டுகளின் தலையில் ஆண்டுக்கணக்கான ஆயில் கசடு கறுப்பாக அப்பியிருந்தது. ஸ்பேனர் பட்ட ஒரு கீறல் இல்லை. ஹெட்டை யாரும் கழற்றவே இல்லை. பையைக் கொட்டி எண்ணினோம். இந்த இன்ஜினில் ஒரு பிஸ்டனுக்கு இரண்டு கம்ப்ரஷன் ரிங், ஆக மொத்தம் எட்டு இருக்க வேண்டும். பையில் இருந்தது ஆறு. ஏதோ ஒரு மூன்று சிலிண்டர் வண்டியில் கழற்றியதை என் தலையில் கட்டியிருக்கிறார்.

சரிசெய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பணமில்லாமல் தவிக்கும் யாருக்காவது உதவும். ராக்கரைக் கழற்றி, தண்டில் துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டார். மறுநாள் பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் ஓட்டை வழியாக மெத்தென்ற நைலான் கயிற்றை உள்ளே திணித்தார். அதன் வால் வெளியிலேயே இருந்தது. பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் அச்சான கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பினார். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். பிஸ்டன் கயிற்றைத் தள்ள, கயிறு வால்வை மேலே தள்ளியது. டக்கென்று ஒரு சத்தம், வால்வு ஏறிவிட்டது. கயிறு தாங்கி நிற்கும்போதே ஸ்பிரிங்கைக் கழற்றி, பிறகு தண்டைக் கையால் மேலும் கீழும் சுழற்றிச் சுழற்றி, அது வழுக்கிக்கொண்டு போகும்வரை சுத்தம் செய்தார். புது வால்வு சீல், புது ஆயில், ஆயில் ஃபில்டர், டப்பெட் செட்டிங் (ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வது). மறுபடி அளந்தபோது 145. முதல் பட்டறையில் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

எல்லா வண்டிக்கும் இந்த வழி பலிக்காது. டைமிங் பெல்ட் அறுந்து வால்வு வளைந்திருந்தால் கயிறும் உதவாது, பாட்டிலில் விற்கும் கார்பன் கிளீனரும் உதவாது. ஹெட்டைக் கழற்றி லேத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். விடுவித்த பிறகும் கம்ப்ரஷன் ஏறவில்லை என்றாலும் அதே கதைதான். ஆனால் அதை அளந்து பார்த்தவர் சொல்ல வேண்டும். நான்கு எண்களையும் உங்கள் கண் முன்னால் எடுத்து, தாளில் எழுதி வாங்குங்கள். வண்டியை விடும் முன் ஹெட் போல்ட்டில் இரண்டின் மீதாவது, தலையும் ஹெட்டும் சேரும் இடத்தில், நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டுப் படமெடுத்து வையுங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

முதல் பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "பில் இருக்கா?" என்றார். இல்லை. அதோடு முடிந்தது பேச்சு.

போன வாரம் எனக்குத் தெரிந்த ஒரு வாடகைக் கார் ஓட்டுநருக்கும் வேறொரு இடத்தில் "ரிங் போச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். நகையை அடகு வைக்கக் கிளம்பியவரை நிறுத்தி, அந்தப் பெரியவரிடம் அழைத்துப் போனேன். நான்கு சிலிண்டரும் 160ஐ ஒட்டியே காட்டின. கெட்டிருந்தது ஒரு இக்னிஷன் காயில்.